பிரேக் டிஸ்க் மாற்றிய பின் உரசல் சத்தம்: காத்திருப்பதா, மீண்டும் கழற்றுவதா, பட்டறையில் விடுவதா?

சொந்தக் கையால் பிரேக் டிஸ்க்கை மாற்றி, சக்கரத்தைப் பூட்டி, காரைத் தரையில் இறக்கி ஓட்டத் தொடங்கிய முதல் நூறு மீட்டருக்குள்ளேயே ‘சர்... சர்...’ என்று ஓர் உரசல் கேட்டால், செய்த வேலை முழுவதன் மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது. அப்போது நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. புதிய டிஸ்க்கும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் ஒன்றோடொன்று பழகட்டும் என்று ஓட்டிக்கொண்டே காத்திருக்கலாம். சக்கரத்தை மட்டும் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகட்டை நெளித்து விட்டுப் பார்க்கலாம். பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரையும் டிஸ்க்கையும் மறுபடி இறக்கி, டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் ஹப்பின் முகத்தையும் காலிப்பர் நகரும் பின்களையும் சுத்தம் செய்து, அளந்து, திரும்பப் பூட்டலாம். அல்லது வண்டியைப் பட்டறையில் விட்டுவிடலாம்.

இவற்றில் பெரும்பாலோர் எடுப்பது முதல் வழியைத்தான். அதற்குக் காரணம் அந்த வழியின் நன்மை அல்ல, களைப்பு. கையிலிருந்த கரியைக் கழுவி முடித்த பிறகு அதே நட்டுகளை மீண்டும் கழற்ற யாருக்கும் மனம் வராது. ஆனால் காத்திருப்பது சில தெளிவான அறிகுறிகள் இருக்கும்போது மட்டுமே நியாயமான முடிவு என்பதும், மற்ற நேரங்களில் நான்கில் மிக அதிகம் செலவு வைக்கும் முடிவு அதுவே என்பதும் என் கருத்து. ஒவ்வொரு வழியும் எதைத் தீர்க்கிறது என்பதோடு எதை மறைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

முடிவுக்கு முன் பத்து நிமிடம் கேட்க வேண்டும்

நான்கு வழிகளுக்கும் பொதுவான முதல் வேலை, சத்தத்தை ஒழுங்காகக் கேட்பது. நடமாட்டமில்லாத சாலையில், கண்ணாடிகளை இறக்கி, முடிந்தால் ஒரு நீண்ட சுவரை ஒட்டி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதை உள்ளிருந்தபடியே காட்டிக்கொடுக்கும். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சுற்றும். உரசலும் நொடிக்கு மூன்று முறை விட்டு விட்டுக் கேட்டால், சுற்றும் பொருளின் ஏதோ ஓர் இடம் மட்டும் எதையோ தொடுகிறது என்று பொருள். விடாமல் ஒரே சீராகக் கேட்டால், நிற்கும் பொருள் ஒன்று டிஸ்க்கின் முழுச் சுற்றையும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்து, பெடலை மிக இலேசாக, வேகம் குறையாத அளவுக்கு மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் கொஞ்சமும் மாறாவிட்டால் பேடுக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. சந்தேகம் தூசித் தகட்டின் மீது திரும்ப வேண்டும். பெடலைத் தொட்டதும் சத்தம் அடங்கினால், பேடு தன் இடத்தில் தளர்வாக அலைகிறது அல்லது டிஸ்க்கின் உயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு விடுகிறது. பெடலை அழுத்த அழுத்த இரும்பை இரும்பு அரைப்பது போலக் கரகரப்பு கூடினால், அதற்குமேல் ஓட்டவே கூடாது. பேடு முன்பின் மாறியோ கோணலாகவோ உட்கார்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வளைக்கும்போது மட்டும் சத்தம் வந்து, மறுபக்கம் வளைத்தால் போய்விட்டால், தூசித் தகடோ சக்கரத்தின் பேரிங்கோ காரணமாக இருக்கலாம். பேரிங்கின் ஒலி உரசலைப் போல இராது. வேகத்தோடு கூடும் ரீங்காரமாக இருக்கும்.

கேட்டு முடித்ததும் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரம், பிரேக்கை முடிந்த அளவு தொடாமல் ஓட்டி, கடைசியில் மெதுவாக நிறுத்தி, ஒரே அச்சின் இடது வலது டிஸ்க்குகளை ஒப்பிட வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் எளிது. இல்லையென்றால் உள்ளங்கையைச் சக்கரத்தின் அருகில் கொண்டுபோய் வெப்பத்தை உணர்ந்தாலே வேறுபாடு தெரியும். டிஸ்க்கைத் தொடவே கூடாது. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வெதுவெதுப்பில் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் அனலடித்து, கருகிய வாடையும் வந்தால், அந்தப் பக்கத்துப் பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டிரம் பிரேக்கில், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல், பெடலை அழுத்தும்போது சற்றே முறுகி, விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சிறு அசைவுதான் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் அளவுக்குப் பின்னிழுக்கிறது. ஆகையால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றும்போது பேடு இலேசாகத் தொடும் ஒலி கேட்பது இயல்பானது. அது கேட்கிறது என்பதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு கையால் சுற்ற முடிகிறதா, அதே அச்சின் மறுபக்கச் சக்கரமும் அதே அளவு இலகுவாகச் சுற்றுகிறதா என்பவைதான் கேள்விகள்.

காத்திருப்பது

காத்திருப்பதற்கு ஆதரவாக உண்மையான காரணங்கள் உண்டு. பல புதிய டிஸ்க்குகள் துருப்பிடிக்காமல் இருக்க வெள்ளிச் சாம்பல் நிறப் பூச்சோடு வருகின்றன. பேடு தொடும் முகத்திலும் அந்தப் பூச்சு இருக்கும். முதல் சில பத்துக் கிலோமீட்டர்களில் பேடு அதைத் தேய்த்து எடுக்கும்போது, உப்புத்தாளைச் சுவரில் மெதுவாகத் தேய்ப்பது போன்ற ஒலி வரும். புது டிஸ்க்கின் கடைசல் வரிகளும் புதுப் பேடின் முகமும் ஒன்றுக்கொன்று படிவதற்குள் இதே ஒலி சிறிது காலம் நீடிக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி கேட்கிறது, விடாமல் மென்மையாக இருக்கிறது, வெப்பத்தில் வேறுபாடு இல்லை, பெடல் உறுதியாக இருக்கிறது என்னும் நான்கும் சேர்ந்திருந்தால் காத்திருப்பதில் தவறில்லை.

அப்போதும் அது வெறுமனே ஓட்டித் திரிவதாக இருக்கக் கூடாது. பேடையும் டிஸ்க்கையும் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு: மணிக்கு 50, 60 கிலோமீட்டரிலிருந்து 15 அளவுக்கு, மிதமான அழுத்தத்தில், முழுவதும் நிற்காமல், எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் டிஸ்க் ஆறுவதற்கு அரை நிமிடமாவது ஓட விட வேண்டும். முடிவில் சில கிலோமீட்டர் பிரேக் பிடிக்காமல் ஓட்டி முழுவதும் ஆறவிட வேண்டும். சூடான நிலையில் பெடலை அழுத்திக்கொண்டே நின்றுவிட்டால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பேடைத் தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

எண்ணெய் தடவி வந்த டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைக்காமல் பூட்டியிருந்தால், காத்திருப்பது பயன் தராது. அந்த எண்ணெய் பேடுக்குள் ஊறிவிடும். டிஸ்க்கை மட்டும் துடைப்பதும் பிறகு போதாது, பேடையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய பேடையே புது டிஸ்க்கில் போட்டிருந்தாலும் காத்திருப்பது பெரும்பாலும் வீண். பழைய டிஸ்க்கின் பள்ளத்துக்கும் ஓரத்து மேட்டுக்கும் ஏற்றவாறு தேய்ந்த பேடு, தட்டையான புது முகத்தில் ஒரு விளிம்பால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

காத்திருப்புக்கு நான் வைத்துக்கொள்ளும் எல்லை 100 கிலோமீட்டர். அதற்குள் சத்தம் அடங்கிவிட வேண்டும், அல்லது தெளிவாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். முதல் நாள் கேட்ட அதே அளவில் நூறாவது கிலோமீட்டரிலும் கேட்டால், அது பழகுவதால் வரும் சத்தம் அல்ல.

இந்த எல்லையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதன்முறையாக நான் முன் டிஸ்க்குகளை மாற்றியபோது, இடது பக்கத்தில் சக்கரத்தின் சுற்றுக்கு ஒரு முறை மிக மென்மையான ஓர் உரசல் இருந்தது. பிரேக் நன்றாகப் பிடித்தது. வெப்பமும் சரியாக இருந்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். சில வாரங்களில் சத்தம் உண்மையிலேயே மறைந்தது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது பெடல் காலடியில் துடிக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, ஹப்பில் ஒரு போல்ட்டின் அடியில் பழுப்பு நிறப் பொருக்கு ஒன்று, சுண்டுவிரல் நகத்தின் பாதியளவு, அழுந்திக் கெட்டித்துப் போயிருந்தது. அந்தப் பொருக்கு டிஸ்க்கைச் சற்றே சாய்த்து வைத்திருந்தது. சாய்ந்த டிஸ்க்கின் உயர்ந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசி உரசி மெலிந்து, அங்கே டிஸ்க்கின் தடிப்பே குறைந்துவிட்டிருந்தது. சத்தம் மறைந்ததற்குக் காரணம் கோளாறு தீர்ந்தது அல்ல. உரசிய இடம் தேய்ந்துபோனதுதான். சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படும் துடிப்புகளில் பல இப்படித் தடிப்பு சமமில்லாமல் போவதால் வருபவையே. அந்த நிலைக்கு வந்த பிறகு ஹப்பைச் சுத்தம் செய்தாலும் டிஸ்க் பழைய நிலைக்குத் திரும்பாது. அரை மணி நேரச் சுத்தத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நான் ஒரு ஜோடி டிஸ்க்கும் பேடும் கொடுக்க வேண்டி வந்தது.

தூசித் தகட்டைச் சரிசெய்வது

நான்கு வழிகளில் மிக எளியது இது. டிஸ்க்குக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு, பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும்போதோ, காலிப்பரை நகர்த்தும்போது முழங்கை இடித்தோ எளிதில் நெளிந்துவிடும். பழைய டிஸ்க் தேய்ந்து மெலிந்திருந்ததால் தொடாமல் இருந்த தகடு, முழுத் தடிப்புள்ள புது டிஸ்க்கைத் தொடுவதும் உண்டு. தகரத்தைச் சுரண்டுவது போன்ற மெல்லிய, கூர்மையான ஒலி. பிரேக் பிடித்தாலும் மாறாத ஒலி. இவை இரண்டும் சேர்ந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சைக் கீழிருந்து மேலாகப் பிடித்துத் தகட்டின் விளிம்பைப் பார்த்தால், துருவும் கரியும் படிந்த பரப்பின் நடுவே ஒரு நூல் தடிப்பில் பளபளவென்று வெள்ளிக் கோடு தெரியும். அதுதான் டிஸ்க் தொட்ட இடம். நீளமான திருப்புளியின் தட்டை நுனியைத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே விட்டு, டிஸ்க்கின் முகத்தில் கீறாமல், தகட்டை மட்டும் டிஸ்க்கை விட்டு விலகும் பக்கமாக மெல்ல நெம்பினால் போதும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை செய்து, கையால் டிஸ்க்கைச் சில சுற்று சுற்றிக் கேட்க வேண்டும். இடையில் சிக்கிய சிறு கல்லும் இதே சத்தத்தைத்தான் தரும். திருப்புளி நுனி பட்டதும் அது கீழே விழுந்துவிடும்.

தகட்டையே வெட்டி எறிந்துவிடுவது என்னும் யோசனையை நான் ஏற்பதில்லை. டிஸ்க்கின் உள்முகத்தில் சேறும் தண்ணீரும் தெறிப்பதை அது தடுக்கிறது. டிஸ்க்கின் வெப்பம் அருகிலுள்ள பால் ஜாயின்ட் ரப்பர் உறைகளைத் தாக்காமலும் காக்கிறது. துருவேறி உடைந்த தகடு என்றால் அதை மாற்றத்தான் வேண்டும். சில வண்டிகளில் அதற்கு ஹப்பையே எடுக்க வேண்டியிருப்பதால், அது வீட்டில் செய்யும் வேலையின் எல்லையைத் தாண்டிவிடும்.

இந்த வழியில் இருக்கும் ஒரே ஆபத்து, பளபளப்புக் கோடு இல்லாதபோதும் தகட்டையே குற்றம் சொல்லி, அங்குமிங்கும் நெளித்துவிட்டு, வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்வது. கோடு இல்லையென்றால் குற்றவாளி தகடு இல்லை.

மீண்டும் கழற்றிச் சுத்தம் செய்து அளப்பது

யாருக்கும் பிடிக்காத வழி இது. ஆனால் சுற்றுக்கு ஒரு முறை கேட்கும் உரசலுக்கும், ஒரு பக்கம் மட்டும் சூடாகும் சக்கரத்துக்கும் இதைத் தவிர நேர்மையான மாற்று வழி இல்லை.

ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துரு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹப் முகத்தின் விட்டம் 140 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பொருக்கு இருந்தால், எதிர் ஓரத்தை ஊன்றி டிஸ்க் சாய்கிறது. 260 மில்லிமீட்டர் விட்டத்தில் அதே சாய்வு ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டராக விரிந்துவிடும். பல கார்களுக்கு, பூட்டிய நிலையில் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்துக்கு அனுமதிக்கப்படும் எல்லை 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. சொந்த வண்டியின் சரியான எண்ணை அதன் பழுதுபார்க்கும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய ஒரு பொருக்கே இந்த எல்லையின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது என்றால், பழைய டிஸ்க்கைத் தட்டிக் கழற்றும்போது உதிர்ந்த துருவைத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுப் புது டிஸ்க்கை மாட்டுவது எவ்வளவு போதாது என்பது புரியும்.

துரு அதிகம் ஒளிந்திருப்பது மூன்று இடங்களில்: ஒவ்வொரு போல்ட்டின் அடியைச் சுற்றி, நடுவில் டிஸ்க் உட்காரும் வளையத்தின் மூலையில், பழைய டிஸ்க்கின் விளிம்பு முடிந்த கோட்டில். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மூலைகளை எமரித் தாளின் மடித்த விளிம்பால் சுரண்டி, உலோகத்தின் சாம்பல் நிறம் தெரியும்வரை எடுக்க வேண்டும். கண்ணைவிட விரல் நுனியை நம்பலாம். முகம் முழுவதும் தடவி, நகத்தில் எங்கும் தட்டக் கூடாது. புது டிஸ்க்கின் பின்முகத்தையும் இப்படியே தடவிப் பார்க்க வேண்டும். அங்கே பூச்சு சொட்டி உறைந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். நடு வளையத்தில் மட்டும் மிக மெல்லிய படலமாக வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவலாம். டிஸ்க் படியும் முகத்தில் கிரீஸை அப்பக் கூடாது; அதுவும் ஒரு தடிப்புதான்.

பிறகு டிஸ்க்கை மாட்டி, வாஷர் வைத்து வீல் நட்டுகளை எதிரெதிராக முறையான முறுக்குவிசையில் இறுக்கி, சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை அசையாத பாகம் ஒன்றில் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 முதல் 15 மில்லிமீட்டர் உள்ளே வைத்து, ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். நட்டு இல்லாமல், டிஸ்க்கை ஹப்போடு பிடித்து வைக்கும் சிறு திருகை மட்டும் நம்பி அளந்தால் கிடைக்கும் எண் பொய்யானது. எல்லையைத் தாண்டினால், டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் துளை அளவுக்குத் திருப்பி மாட்டி, மீண்டும் அளக்கலாம். திருகின் துளை ஒரே நிலையில் கட்டிப்போட்டிருக்கும் வண்டிகளில் இது முடியாது. ஹப்பின் ஆட்டமும் டிஸ்க்கின் ஆட்டமும் ஒரே பக்கம் சேராமல் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால் ஹப்பையே தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

கழற்றிய கையோடு காலிப்பரையும் பார்த்துவிட வேண்டும். வெப்பம் ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தால் இதுதான் முக்கிய வேலை. பேடின் இரு காதுகளும் உட்காரும் இடத்தில் துருப்பிடிக்காத கிளிப்புகள் இருக்கும்; துரு வளர்வது அவற்றின் அடியில். அது கிளிப்பைத் தள்ளி, இடத்தைக் குறுக்கி, பேடைக் கவ்விப் பிடிக்கிறது. கிளிப்பைக் கழற்றி அடியைச் சுரண்டிவிட்டு மாட்டினால், பேடு விரலால் தள்ளும்போதே வழுக்கி நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைத்த பேடு ஒருபோதும் தானாகப் பின்வாங்காது.

காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்கள் இரண்டும் கையால் உள்ளே வெளியே தடையின்றி ஓட வேண்டும். அவற்றுக்குச் சிலிக்கோன் வகை பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பச் செய்து, இன்று சரியாக ஓடும் பின்னை இன்னும் சில மாதங்களில் இறுக்கிவிடும். சில காலிப்பர்களில் இரண்டு பின்களும் ஒன்றல்ல; ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிட்டால் காலிப்பர் சரியாக நகராது.

பிஸ்டனைக் கிளாம்ப்பால் மெல்லத் தள்ளும்போது அது அசைய மறுத்தால், காலிப்பரிலிருந்து காற்றையும் ஆயிலையும் வெளியேற்றும் பிளீடர் திருகைச் சற்றுத் திறந்து மீண்டும் தள்ளிப் பார்க்கலாம். இப்போது எளிதில் போகிறது என்றால் பிஸ்டனில் கோளாறு இல்லை. உள்ளே வீங்கி அடைத்துக்கொண்ட பிரேக் ஹோஸ் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். இந்தச் சோதனையைச் செய்தால் பிரேக் ஆயில் வெளியேறும். காற்றெடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும். பின் சக்கரத்தில் சில பிஸ்டன்கள் திருகித்தான் உள்ளே போகும். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியை முதலில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றைக் கிளாம்ப்பால் வலுக்கட்டாயமாகத் தள்ளுவது உள்ளிருக்கும் பொறியை உடைக்கும்.

பின் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் ஹேண்ட் பிரேக் ஷூ இருக்கும் வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய கிண்ணம் தேய்ந்து அகன்றிருந்ததற்கு ஏற்ப ஷூ வெளியே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். புதுக் கிண்ணம் முழு அளவில் இறுக்கமாக இருப்பதால் அது உரசும். அட்ஜஸ்டர் பல் சக்கரத்தைச் சில பற்கள் பின்னுக்குத் திருப்பினால் தீர்ந்துவிடும் இந்தச் சத்தத்துக்காக, காலிப்பரையே மாற்றத் துணிபவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழிக்கு அரை நாள் ஆகும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஜாக்கை மட்டும் நம்பிச் செய்யவே கூடாது. எதிர் அச்சின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். பிரேக் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது; கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் டயல் கேஜ், முறுக்குவிசை ஸ்பேனர் இரண்டும்தான். அவையும் அடுத்த முறைக்கு உதவும்.

பட்டறையில் விடுவது

பட்டறைக்குக் கொண்டுபோவதைத் தோல்வியாக நினைப்பவர்கள் உண்டு. பிரேக்கில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. பெடல் மெத்தென்று இறங்குகிறது, பிரேக் பிடிக்கும்போது இரும்பு அரைக்கிறது, பின்களைச் சுத்தம் செய்த பிறகும் ஒரு சக்கரம் அனலடிக்கிறது, ஹப்பின் சொந்த ஆட்டமே எல்லையைத் தாண்டுகிறது, பேரிங் ரீங்காரமிடுகிறது, நம்பத்தக்க ஸ்டாண்ட் கையில் இல்லை என்பவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மற்ற மூன்று வழிகளையும் ஒதுக்கிவிட வேண்டும். இந்த அறிகுறிகளின் வரிசையில் முதல் மூன்றில் ஒன்று என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது. விடாமல் பிடித்திருக்கும் பேடின் வெப்பம் பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 வகை ஆயிலுக்கான தரம் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை கேட்கிறது. ஈரம் ஏறிய நிலையில் அது கேட்பது 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும்.

பட்டறையின் பெரிய பலம், வண்டியில் பூட்டிய நிலையிலேயே டிஸ்க்கைக் கடைந்து, அந்த ஹப்புக்கு ஏற்றவாறு சமன் செய்யும் இயந்திரம். ஹப்பே சற்றுக் கோணலாக இருந்தாலும் அது பலன் தரும். ஆனால் புது டிஸ்க்கிலிருந்து உலோகத்தைச் சீவி எடுப்பதால் அதன் ஆயுள் குறையும். துருவால் வந்த சாய்வைச் சுத்தம் செய்யாமல் கடைந்து மறைப்பதும் தவறு. பின்னொரு நாள் அந்தத் துரு உதிர்ந்தால் டிஸ்க் மறுபடி சாய்ந்துவிடும்.

பட்டறையின் பலவீனம், ஒரு சிறு ஓட்டம் ஓட்டிவிட்டு ‘புது டிஸ்க் அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடும் என்பது. அதனால் வண்டியை விடும்போது சத்தம் எந்தச் சக்கரம், சுற்றுக்கு ஒரு முறையா விடாமலா, பெடலைத் தொட்டால் என்ன ஆகிறது, வெப்ப வேறுபாடு எவ்வளவு என்பவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது, டிஸ்க்கின் ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணைச் சொல்ல முடியாத பட்டறை அதை அளக்கவில்லை.

இந்த நான்கிலும் அடங்காதது தவறான டிஸ்க். ஒரே மாடலில் இரண்டு மூன்று அளவு டிஸ்க்குகள் வருவது வழக்கம். விட்டம், தடிப்பு, கிண்ணத்தின் உயரம் ஆகிய மூன்றையும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட வேண்டும். தடிப்பில் மட்டும் பழையது தேய்ந்த அளவுக்குக் குறைவாக இருக்கும். மற்ற இரண்டில் வேறுபாடு தெரிந்தால் எந்தச் சரிசெய்தலும் வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கிறீச்சொலியைக் குறைக்கப் பேடின் முதுகில் தடவும் பசையை இந்த உரசலுக்கு மருந்தாகப் பயன்படுத்துவதும் வேண்டாம். அது வேறு நோய்க்கான மருந்து.

நான் இப்போது பின்பற்றும் வரிசை இதுதான்: கேட்டு, வெப்பம் பார்த்து, சந்தேகம் தகட்டின் மீது விழுந்தால் அன்றே சக்கரத்தைக் கழற்றுகிறேன். பளபளப்புக் கோடு கிடைத்தால் அங்கேயே முடித்துக்கொள்கிறேன். கிடைக்காமல், உரசல் சுற்றுக்கு ஒரு முறை கேட்டால், அந்த வாரக் கடைசிக்குள் டிஸ்க்கை இறக்கிவிடுகிறேன். நான்கு அறிகுறிகளும் சேர்ந்தால் மட்டும் 100 கிலோமீட்டர் காத்திருக்கிறேன்.

எந்த வழியில் சென்றாலும், பிஸ்டனைப் பின்தள்ளியிருந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பல முறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தங்களில் பெடல் வெறுமையாகத்தான் போகும். ஆயில் தொட்டியின் அளவையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், கையேட்டின் எண்ணுக்கு இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முழு பலத்தில் இறுக்கினால், அவ்வளவு உழைத்துச் சமன் செய்த டிஸ்க்கை நட்டே சாய்த்துவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் அதே நட்டுகளை அதே எண்ணில் மறுபடி சோதித்து, அதே சுவரை ஒட்டி, அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.